கொடி வாங்காத வளைவு

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிடவில்லை. எழுதினால் கூப்பிட்டது போல ஆகிவிடும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஏன் என்று பிறகு வரும்.

எங்கள் கேங்கில் அவரைக் கொடிக்காரர் என்போம். நாவலப்பிட்டிப் பக்கம் பெரிய கோச்சிப் பாதையிலிருந்து, ரயில் பாதையிலிருந்து, ஒரு சின்னப் பாதை பிரிந்து மலைக்குள் போனது. தேயிலைப் பெட்டி இறக்கப் போட்ட பாதை. அதைச் செப்பனிட்டு வைக்கப் பன்னிரண்டு பேர். கட்டை மாற்றுவது, கல் போடுவது, மண் சரிந்தால் அள்ளுவது. அந்தப் பன்னிரண்டு பேர்தான் கேங். நான் ஒருத்தன், அவர் ஒருத்தர். இன்று அந்தப் பாதை இல்லை. பாதியை நாங்களே கழற்றினோம்.

பெரிய ஆள் இல்லை. ஒல்லி. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றால் சின்ன மரம் மாதிரி இருப்பார். செருப்புப் போட மாட்டார். நிற்கும்போது இடது காலைத் தூக்கித் தண்டவாளத்தின் மேல் வைத்துக்கொள்வார். கோச்சி வருவது காலில் தெரியுமாம்.

"காது பொய் சொல்லும். காலு சொல்லாது," என்பார்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாதையை உடைத்து வேலை செய்யும்போது கோச்சி வந்துவிடக் கூடாது. எங்கள் பாதையில் ஓடியது ஒரே எஞ்சின். அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நிற்பான். கேங்கை மேய்க்கிற கங்காணியே அவனைக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். வேலை முடிந்தால் கங்காணியே போய்க் கொடியை வாங்க வேண்டும். எங்கள் பழைய கங்காணி அதற்கு இரண்டு வார்த்தை வைத்திருந்தார். கொடியை நீட்டுகிறவன் "குடுத்தேன்" என்பான். கங்காணி "வாங்கினேன்" என்பார். பரிசம் போடும்போது தாம்பூலத் தட்டு மாற்றுகிற மாதிரி.

"மாப்பிள வீட்டுக்காரங்க வந்துட்டாங்கடோய்," என்று மாரிமுத்து கத்துவான். அவன்தான் எங்கள் கேங்கில் வாய்க்காரன்.

மற்றவர்கள் யார் கொடிக்கு நின்றாலும் இதெல்லாம் பேருக்குத்தான். தூரத்தில் ஒரு விசில் அடித்தால் கொடியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவோம். அவர் ஒருத்தர்தான் வர மாட்டார். நிறுத்தின ஆள் நேரில் வர வேண்டும். முகம் தெரிய வேண்டும். கை நீட்ட வேண்டும். அதுவரை நிற்பார்.

அதைக் கண்டியில் ஒருமுறை பார்த்தேன். பகல் பெரஹெரா ஊர்வலம் பார்க்க நாலு பேர் போயிருந்தோம். குளக்கட்டில் சனம். எனக்குத் தாகம்.

"இங்கனயே நில்லுங்கண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். யோசிக்காமல் சொன்னது. கூட்டம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. யானை பார்த்தேன், ஆட்டம் பார்த்தேன். மாரிமுத்துவும் மற்றவனும் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தேத்தண்ணி. அப்புறம்தான் நினைவு வந்தது.

திரும்பிப் போனபோது குளக்கட்டு காலியாக இருந்தது. அதே இடத்தில் நின்றார். சட்டைக் கை கிழிந்திருந்தது. பொலிஸ்காரன் இழுத்திருக்கிறான். இழுத்தவன் போனதும் திரும்பி வந்து நின்றிருக்கிறார்.

"யானை பாத்தீங்களா?" என்று கேட்டான் மாரிமுத்து.

"மொதுகு தெரிஞ்சிச்சு. நாலஞ்சு."

"அண்ணே, இவன் என்ன கங்காணியா? தேத்தண்ணிக்குப் போன பயதான?"

"நில்லுன்னு சொன்னான்ல."

கோபமில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் வந்துவிட்டேன் என்று உறுதி செய்துகொண்டது போல. அன்றிலிருந்து அவரிடம் "நில்லுங்க" என்ற சொல்லை வேலைக்கு வெளியே நான் சொன்னதில்லை.

இன்னொரு நாள் பாதை இன்ஸ்பெக்டர் துரை தள்ளு டிரொலியில் வந்தார். நல்ல மழை. கொடியைப் பார்த்து டிரொலி நின்றது. துரை இறங்கி வந்து கையை நீட்டினாராம். அவர் கொடுக்கவில்லை. டிரொலி தள்ளுகிறவன் பிறகு எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

"'தொரை கேக்குறாரு, குடுய்யா'ன்னேன். 'தொரை என்னைய நிறுத்தலியே'ங்கிறாரு. இத எப்பிடிடா இங்கிலீசுல சொல்றது?"

கங்காணியும் நானும் போய்ச் சேரும்வரை துரையும் மழையில் நின்றார். கொடிக்காரருக்கு வேலை போய்விடும் என்று நினைத்தோம். துரை ஏதோ இங்கிலீசில் சொல்லிக் கொடிக்காரர் தோளைத் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

"நல்ல மனுசன்னு சொல்றாரு போல ஒங்கள," என்றேன்.

"நல்ல மனுசன் எதுக்கு? ஆளு மாறாம இருந்தாச் சரி," என்றார்.

இதுவரை சிரிக்கிற கதை. இனிமேல் அப்படி இல்லை.

அவருக்குச் சம்சாரம் இருந்தது. பாதையோரம் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி அறையில் குடித்தனம். அந்த அம்மா கர்ப்பமாக இருந்தது. ஒரு நாள் கங்காணி அவரை மேல் வளைவில் நிறுத்திவிட்டு வந்தார். நாங்கள் பாதையை உடைத்தோம். நடுவில் ஆணி போதாமல் கங்காணி நடந்து கீழே ஸ்டோருக்குப் போனார். போன கொஞ்ச நேரத்தில் லயத்திலிருந்து ஒரு பொம்பிளை ஓடிவந்தாள். வலி கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே இருக்கிறது, புருஷனை வரச்சொல்லு என்றாள்.

நான்தான் போனேன். மூச்சு வாங்க ஓடினேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"அண்ணே, அண்ணிக்கு வலி கண்டிருச்சு. புள்ள குறுக்க கெடக்காம். போங்க. கொடிய நான் புடிக்கிறேன்."

அவர் கொடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கொடி நடுங்கியது. கொடுக்கவில்லை.

"நீ நிறுத்தலப்பா," என்றார்.

"அண்ணே, நான் கேங் ஆளுதான? என் மொகம் தெரியலியா?"

"தெரியுது. நீ நிறுத்தல."

நான் கெஞ்சினேன். பிறகு திட்டினேன். கொடியைப் பிடித்து இழுத்தேன். ஒல்லி ஆள். ஆனால் இழுக்க முடியவில்லை. பாறையில் நட்ட கம்பி மாதிரி இருந்தது. இடது கால் தண்டவாளத்தை விட்டு அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

கங்காணியைத் தேடிக் கீழே ஓடினேன். அவரைக் கூட்டி வந்து, அவர் கை நீட்டி, "வாங்கினேன்" என்று சொன்னபோது மத்தியானம் தாண்டிவிட்டது. லயத்தில் எல்லாம் முடிந்திருந்தது. தாயும் போய்விட்டது, பிள்ளையும் போய்விட்டது.

கேங்கில் யாரும் அவரோடு சோறு தின்னவில்லை, ரொம்ப நாள். மாரிமுத்து அவர் போகும்போது எச்சில் துப்புவான். நானும் பேசவில்லை.

அவரே ஒரு நாள் பேசினார். கட்டை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கேட்கவில்லை.

"மின்ன வேற பாதையில இருந்தேன். இதே மாதிரி கொடிக்கு நின்னேன். பனி. கையி தெரியாத பனி. கங்காணி சத்தம் கேட்டிச்சு. என் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. 'வேல முடிஞ்சிச்சு, கொடிய சுத்திக்கிட்டு வா'ன்னாரு. சுத்திக்கிட்டுப் போனேன். பாதி தூரத்துல டிரொலி என்னையத் தாண்டிப் போச்சு. நானே வழி விட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"வேல முடியல. தண்டவாளம் தொறந்து கெடந்திச்சு. டிரொலியில மூணு பேரு. கங்காணியப் போய்ப் புடிச்சேன். 'நான் எங்கடா கூப்புட்டேன்? நான் வாயே தொறக்கல'ன்னாரு. மத்த ஆளுகளும் அதத்தான் சொன்னாங்க. யாரும் கூப்புடல."

"அப்ப யாரு?"

"அதத்தான் நானும் இத்தன வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

எங்கள் பக்கம் ஒரு வழக்கு உண்டு. யாராவது ஒரு தடவை கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷர். அதைச் சொன்னேன்.

"அது மூணு தடவதான் கூப்புட்டிச்சு," என்றார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் மாரிமுத்துவிடம் சொன்னேன். அவன் எச்சில் துப்புவதை நிறுத்தினான்.

பாதை செத்த கதை சின்னக் கதை. தேயிலை விலை விழுந்தது. தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரை இந்தியாவுக்கு, ஊருக்கு, அனுப்பினார்கள். ரோட்டில் லொறி வந்தது. லொறி தொழிற்சாலை வாசலுக்கே போய்ப் பெட்டி ஏற்றியது. கோச்சி தினம் இரண்டு தடவை ஓடியது ஒன்றாச்சு. பிறகு வாரம் மூன்று நாள். பிறகு நிறுத்திவிட்டார்கள். கடைசிக் கோச்சிக்கு வாழை கட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். "இது கல்யாணமா எழவா?" என்று மாரிமுத்து கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

பழைய கங்காணி அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் எழுத வாசிக்கத் தெரியும் என்று என்னைக் கங்காணி ஆக்கினார்கள். பாதையைக் கழற்றுகிற வேலை எங்களுக்கே வந்தது. மலை உச்சியில் கடைசி ஸ்டேஷனில் தொடங்கி, கீழ்நோக்கிக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். கழற்றிய தண்டவாளத்தை ஏற்றக் கீழேயிருந்து எஞ்சின் வரும். அது கழற்றின இடத்துக்குள் வந்து விழுந்துவிடக் கூடாது. அதனால் கீழ்ப் பக்கம் ஒரு கொடி.

தினமும் அவரை நான் நிறுத்தினேன். தினமும் நான் போய் வாங்கினேன். கேங்கில் எல்லோரும் சிரித்தார்கள். பாதையே போகப்போகிறது, இனி என்ன கொடி என்றார்கள். அவர் சொன்னார்:

"தண்டவாளம் ஒண்ணு மிஞ்சுனாலும் பாததான்."

அந்த நாள் அவரைப் பெரிய வளைவில் நிறுத்தினேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு, அடியில் ஆறு. பாறைக்கு மேலே மாட்டு வண்டி ரோடு போகும். காலையிலேயே பனி.

"நில்லுங்கண்ணே," என்றேன்.

கொடியைப் பிரித்தார். இடது காலைத் தூக்கி வைத்தார். "சுருக்க வந்துரு," என்றார். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மத்தியானத்துக்கு முன் விபத்து. தண்டவாளத்தை அலவாங்குக் கடப்பாரை போட்டுப் புரட்டினோம். ஈரம். ஒருத்தனுக்குக் கை வழுக்கியது. தண்டவாளம் என் வலது கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. தோட்டத்து லொறி ஒன்று மேல் ரோட்டில் நின்றது. என்னைத் தூக்கி அதில் போட்டார்கள். கீழே ஆள் அனுப்பி எஞ்சினை வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வேலை அத்தோடு நின்றது.

லொறி அந்த வளைவுக்கு மேலே போனது. நான் சாக்கின் மேல் படுத்திருந்தேன். பலகை இடுக்கால் பார்த்தேன். பனி ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. கீழே சிவப்புக் கொடி. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகம் அவருக்குத் தெரிந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் கூப்பிடவில்லை.

கூப்பிட்டாலும் வர மாட்டார் என்று நினைத்தேன். அது உண்மை. சத்தத்துக்கு அவர் வர மாட்டார். ஆனால் லொறியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கலாம். கையை நீட்டியிருக்கலாம். கால் வலித்தது. இன்னும் ஆட்டுவார்களே என்று பயந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். வேறொன்றும் இல்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து வைத்துக் கட்டினார்கள். காய்ச்சல் வந்தது. எட்டாம் நாள் மாரிமுத்து தோடம்பழம் கொண்டு வந்தான். கட்டிலில் உட்கார்ந்து உரித்தான்.

"கொடிக்காரர் எங்கடா?"

உரித்துக்கொண்டே இருந்தான்.

"ஒன்னைய ஏத்திவிட்டுட்டு அன்னிக்கே போனேன். 'வாங்கண்ணே, கங்காணிக்குக் காலு போயிருச்சு, வேல நின்னு போச்சு'ன்னேன். 'பாத்தேன், மேல லொறியில போனான்'ன்னாரு. 'அப்பறம் என்ன, வாங்க'ன்னேன். 'அவன் வரட்டும்'ன்னாரு."

"ரெண்டாம் நாளு?"

"சோறு கொண்டு போனேன். சரியான மழ. நின்னுக்கிட்டே தின்னாரு. 'கங்காணிதான் கொடிய வாங்கிட்டு வரச் சொன்னாரு'ன்னு பொய்யி சொன்னேன். என் மூஞ்சியப் பாத்தாரு. சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு நல்லா இல்ல."

"மூணாம் நாளு?"

"கொடி மட்டும் நின்னிச்சு. கல்லுக்குள்ள ஊண்டி வச்ச மாதிரி. ஆளக் காணம்."

"நாலு பேராப் போயி இழுத்துக்கிட்டு வந்திருக்கலாமேடா, பாவி."

"மூணாம் நாளு நாலு பேராத்தான் போனோம்," என்றான் மாரிமுத்து.

ஆற்றில் தேடினார்கள். சரிவில் தேடினார்கள். லயத்து அறையில் அவருடைய தகரப்பெட்டி பூட்டியபடி இருந்தது. ஊருக்குப் போகிற ஆள் பெட்டியை விட்டுப் போவானா? பிணமும் இல்லை, துணியும் இல்லை.

"கொடிய எடுத்தீங்களா?"

"எவன் தொடுவான்?" என்றான். உரித்த பழத்தை அவனும் தின்னவில்லை. நானும் தின்னவில்லை.

அந்த வருஷம் மலேரியா. எங்கள் கேங் கலைந்துபோனது. மீதிப் பாதையை வேறு ஆட்கள் வந்து கழற்றினார்கள். அந்த வளைவில் கொடிக் கம்பைச் சுற்றி வேலை செய்தார்களாம். யாரும் பிடுங்கவில்லை. நான் கண்டியில், மஹய்யாவையில், தங்கை வீட்டில் கிடந்தேன். கால் கூடியது. நேராகக் கூடவில்லை.

ஒரு வருஷம் கழித்துத்தான் கம்பு ஊன்றிப் போனேன். பாதை கிடந்த இடம் வண்டித் தடமாகியிருந்தது. சாமான் ஏற்றிப் போகும் முஸ்லிம் ஒருத்தர், நாங்கள் நானா என்போம், வயதான மனுஷர், தன் மாட்டு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். வளைவு வருவதற்கு முன்பே சொன்னார்.

"தம்பி, முன்னுக்கு ஒரு எடத்துல மாடு ரெண்டும் நிக்கும். பயப்புடாதீங்க."

"அடிச்சுப் பாத்தீங்களா நானா?"

"அடிச்சு என்னத்துக்கு? அல்லா படச்ச வாயில்லாச் சீவன். எதையோ காணுது. கொஞ்சம் நிண்டுட்டுத் தானாப் போகும்." பிறகு சிரித்தார். "அங்க ஒரு செவப்புக் கொடி ஈக்கிது. அதுக்குக் கோச்சியே நிண்டதாம். எண்ட மாடு நிக்காதா?"

மாடு நின்றது. ஒரே அடியில் இரண்டும் நின்றன. மூச்சுவிடும் சத்தம் மட்டும். பனி தரையோடு கிடந்தது. ஆற்றுச் சத்தம் கேட்கவில்லை. அந்த இடத்தில் ஆற்றுச் சத்தம் எப்போதும் கேட்கும்.

இறங்கினேன். கொடி வெளுத்துப்போய்ச் செங்கல் நிறத்தில் தொங்கியது. அவர் உயரத்துக்கு, அவர் பிடிக்கும் சாய்வில், கம்பு நின்றது. கையை நீட்டினேன்.

"அண்ணே, நான் வந்துட்டேன். வேல முடிஞ்சிருச்சு. குடுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நின்றேன். எனக்குக் கால் வலித்தது. அப்போதும் கால்தான். "வாங்கினேன்" என்று சொல்லிக் கம்பைப் பிடுங்கினேன். சேற்றிலிருந்து வருவது போல வந்துவிட்டது. மாடு நடந்தது. முடிந்தது என்று நினைத்தேன். மஹய்யாவைக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

ஒரு மாதம் போனது. கண்டிச் சந்தையில் நானாவைக் கண்டேன். அவரே கிட்டே வந்தார்.

"தம்பி, அந்தக் கொடிய ஏன் எடுத்தீங்க?"

"ஏன் நானா? மாடு இப்பவும் நிக்கிதா?"

"நிண்டாப் பரவாயில்லயே. முந்தி நிண்டுட்டுப் போகும். இப்ப அந்த எடத்துக்கு வந்தா நடுங்குது. பின்னுக்கு இழுக்குது. போன கிழம வண்டி சரிவுக்குப் போகப் பாத்திச்சு. யாரோ வெறுங்கையோட முன்னுக்குப் பாயிற மாதிரி."

வெறுங்கையோட. அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலை மஹய்யாவையிலும் பனி. தங்கை அடுப்படியில் இருந்தாள். வெளியே யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை. எங்கள் பழைய கங்காணியின் குரல். அவர் செத்துப் பல வருஷம்.

"அண்ணே, யாரோ கூப்புடுறாங்க பாரு," என்று தங்கை பதில் சொல்லப் போனாள். நான் எழுந்துபோய் அவள் வாயைப் பொத்தினேன். கதவைத் திறந்து பார்த்தேன். பனிதான். யாரும் இல்லை. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்த கொடி தரையில் விழுந்து கிடந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் "வாங்கினேன்" என்று சொன்னேன். அவர் "குடுத்தேன்" என்று சொல்லவே இல்லை. துரைக்குக் கொடுக்காதவர். பெண்டாட்டி உயிருக்கும் கொடுக்காதவர். நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பனிக்குள் நின்றவருக்கு என் முகம் தெரிந்ததோ இல்லையோ. குரல் மட்டும்தான் கேட்டிருக்கும். குரலை அவர் நம்ப மாட்டார்.

தங்கை புதுச் சிவப்புத் துணி தைத்துக் கொடுத்தாள். எதற்கென்று கேட்டாள். சொன்னேன். அன்றைக்கே கொண்டுபோய் அதே இடத்தில் ஊன்றினேன். கல் வைத்து இறுக்கினேன். அடுத்த நாள் நானாவின் மாடு வந்து நின்றது. கொஞ்ச நேரம். பிறகு நடந்தது. நடுங்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். துணி வெளுத்தால் மாற்றுகிறேன். தலையில் போர்வை போடாமல், முகம் தெரியும்படி நிற்கிறேன். பனி விலகும்வரை நிற்கிறேன். இப்போதெல்லாம் கால் வலித்தாலும் நிற்கிறேன். இடது காலைத் தூக்கி வைக்க அங்கே தண்டவாளம் இல்லை. வெறும் மண்தான்.

கையை நீட்டுகிறேன். நான் முதலில் பேசுவதில்லை. அவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இன்னும் சொல்லவில்லை.